சீட்டுக்கும் பதக்கமாம்

ஆசிய விளையாட்டுப் போட்டியில் சீட்டாட்டத்தையும் சேர்த்துவிட்டார்கள் என்ற புதினத்தைச் சிவலட்சுமியின் படலைக்குக் கொண்டுவந்தவன் மீன்காரன் அபூசாலி. சிலாவத்துறையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, உயிலங்குளத்தைச் சுற்றியுள்ள வயற்கிராமங்களில் விற்பவன். அவனிடம் மீன் முடிந்தாலும் புதினம் முடியாது. அது 2018ஆம் ஆண்டு ஆவணி மாதம், வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு காலைப்பொழுது.

“அக்கா, கேள்விப்பட்டீங்களா? இந்தோனேசியாவில நடக்கிற விளையாட்டுப் போட்டியில இந்த முறை சீட்டுக்கும் பதக்கமாம்.”

சிவலட்சுமி பொறுக்கி எடுத்த சூடை மீனைத் திரும்பவும் பெட்டிக்குள் போட்டாள்.

“விடியக்காலமை என்ன விசர்க்கதை கதைக்கிறாய், தம்பி?”

“உண்மையத்தான் சொல்றன். பிரிட்ஜ் எண்டு பேராம். நாலு பேர் மேசையைச் சுத்தி இருக்கிறாங்க. எதிரும் புதிருமா இருக்கிற ரெண்டு பேர் ஒரு கூட்டு. உங்கட ஆக்கள் விளையாடுற முன்னூற்றிநாலு மாதிரித்தான். போனில காட்டினாங்க.”

“சீட்டு விளையாட்டெண்டால் வெத்திலை சப்புறதையும் சேர்க்கச் சொல்லு. எங்கட ஊருக்கு அதிலயும் ரெண்டு பதக்கம் கிடைக்கும்.”

அபூசாலி சிரித்துக்கொண்டே மீனை நிறுத்தான். சிவலட்சுமி சிரிக்கவில்லை. முற்றத்தின் மறு கரையில் மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்த அவளுடைய கணவர் தம்புவின் கை ஒரு கணம் நின்றதையும், பிறகு முன்னையைவிடப் பலமாகத் தட்டத் தொடங்கியதையும் அவள் கண்டுவிட்டாள். சீட்டு என்ற சொல் அந்த வளவுக்குள் வந்து ஒன்பது வருடமாகியிருந்தது.

ஊர் இரண்டுபட்டது. சந்தித் தேத்தண்ணிக் கடையில் அந்தக் கிழமை முழுக்க வேறு கதையே இல்லை. அணைக்கட்டுத் தண்ணீர் முறையைப் பற்றி வாயே திறக்காதவர்கள்கூட ஆசியாவின் விளையாட்டுத் துறை எங்கே போகிறது என்று கவலைப்பட்டார்கள்.

“ஓடாமல், குதிக்காமல், கதிரையில குந்தியிருந்து பதக்கம் வாங்கிறதோ? ஒரு சொட்டு வேர்வை சிந்தாதவனுக்கு என்னத்துக்குப் பதக்கம்?” என்றார் விளையாட்டு வாத்தியார் பெனடிக்ற். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளைப் பழக்கி, அதுகளுக்குச் சப்பாத்துக் கேட்டுக் கந்தோர் கந்தோராக அலைந்த மனிதர் அவர். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது.

“முந்திப் பொலிஸ் வரேக்க நாங்கள் சீட்டோட வேலி பாய்ஞ்சு ஓடினதைப் பாத்திருந்தால் வேர்வை இல்லையெண்டு சொல்லமாட்டியள், வாத்தியார்,” என்றார் நெல் குத்தும் ஆலைக்காரர்.

சுவரேறுவதற்கும் பதக்கம் உண்டாம் என்று இன்னொருவர் சொன்னார். ஊரில் சுவரேறிக் குதித்தவனைப் பிடித்துக் கட்டிவைத்த கதைதான் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு மாலை போடுகிற காலமும் வந்துவிட்டதா என்று கடை முழுவதும் சிரித்தது. மாதர் சங்கத்தில் சிவலட்சுமிதான் தலைவி. அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். “வயலுக்குள்ள இறங்கிக் களை பிடுங்கிறதைப் போட்டியில சேர்க்கட்டும். நான் இப்பவே போய் நிக்கிறன். சீட்டைச் சேர்த்தவங்களுக்கு வீட்டில பொம்பிளையள் இல்லைப் போல,” என்று அவள் சொன்னபோது கூட்டம் கைதட்டியது. சீட்டுக்கு எதிரான கட்சிக்கு அவளே தலைவியாகிவிட்டாள்.

அவளுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்பது ஊருக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் யாரும் எதிர்த்துக் கதைக்கவில்லை.

சிவலட்சுமி தம்புவைக் கலியாணம் கட்டியபோது, சீட்டையும் சேர்த்துத்தான் கட்டினாள் என்று அவளுடைய அண்ணன்மார் பகிடி பண்ணுவார்கள். தம்பு குடிக்கமாட்டார், சண்டைக்குப் போகமாட்டார், காசு வைத்து விளையாடவும் மாட்டார். ஆனால் அறுவடை முடிந்தால் முற்றத்தில் சாக்கு விரித்து நாலு பேர் முன்னூற்றிநாலு விளையாட வேண்டும். அந்த ஊரில் தோற்றவருக்குத் தண்டனை, பூவரசம் இலையைச் சுருட்டி நூலில் கோத்துக் காதில் கடுக்கனாகத் தொங்கவிடுவது. அடுத்த ஆட்டத்தில் வென்றால்தான் கழற்றலாம். தம்பு கடுக்கனோடு சோறு சாப்பிட்ட நாட்களும் உண்டு, மாடு அவிழ்க்கப் போன நாட்களும் உண்டு.

அந்தக் காலத்தில் சிவலட்சுமி அதைக் கோபித்தவள் அல்ல. அரிசி புடைப்பதற்கென்று சுளகோடு அவருக்குப் பின்னால் வந்து இருப்பாள். அரிசி எப்போதோ புடைத்து முடிந்திருக்கும், அவள் எழும்பமாட்டாள். ஒருநாள் எல்லாரும் போனபிறகு, “அந்த இடத்தில நீங்கள் துரும்பை இறக்கியிருக்கக் கூடாது. பத்து எதிராளியிட்டைத்தான் கிடந்தது,” என்றாள். தம்பு வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தார். அன்றிலிருந்து ஆட்டம் முடிந்தபின்தான் அவர்களுக்கு உண்மையான ஆட்டம். யாரிடம் எது இருந்தது, எதை எப்போது போட்டிருக்கலாம் என்று புருசனும் பெண்சாதியும் வாதாடுவார்கள். அவள் ஒரு சீட்டைக்கூடக் கையால் தொட்டதில்லை. ஆனால் முப்பத்திரண்டு சீட்டும் அவளுக்கு மனப்பாடம். அந்தக் கதைதான் அவர்களுடைய கலியாணத்தில் இனிப்பான பகுதி என்று சொன்னால் பொய்யில்லை.

பிறகு யுத்தம் வந்து அவர்களை ஊர் ஊராக ஓட்டி, கடைசியில் செட்டிகுளத்து முகாமில் கொண்டுபோய் விட்டது. அங்கே ஆம்பிளைகளுக்கு வேலை என்று ஒன்று இல்லை. கூடாரத்துக்குக் கூடாரம் சீட்டுக்கட்டு முளைத்தது. தம்புவின் சீட்டுக்கட்டில் மூவிதழ்ப் பூப் போட்ட கிளாவர் ஒன்பது தொலைந்துபோயிருந்தது. நிவாரண மாப்பெட்டியின் அட்டையை வெட்டி, பேனையால் கீறி, ஒரு ஒன்பது செய்தார். முதுகு மண்ணிறம் என்பதால் அது யாரிடம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் விளையாடினார்கள். பூவரசம் இலைக்கு அங்கே எங்கே போவது; தண்ணீர்ப் போத்தல் மூடியில் துளை போட்டுக் காதில் தொங்கவிட்டார்கள்.

ஐப்பசி மாதம் மீள்குடியேற்றம் தொடங்கியது. ஊருக்குப் போகிறவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவுடன் மூட்டையோடு போய் பஸ்ஸில் ஏற வேண்டும். ஒருநாள் காலை சிவலட்சுமி குடத்தை எடுத்துக்கொண்டு, “நான் தண்ணிக்குப் போறன். பேர் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்கள், காதைக் குடுத்துக்கொண்டு இருங்கோ,” என்று சொல்லிவிட்டுப் போனாள். தண்ணீர்த் தாங்கி முகாமின் அடுத்த தொங்கலில், கடைசி மூலையில். வரிசை நீளம். அவள் திரும்பி வந்தபோது பக்கத்துக் கூடாரங்கள் வெறுமையாய்க் கிடந்தன. மூன்று தரம் கூப்பிட்டார்களாம். ஒரு கிழவர் சொன்னார். தம்பு நாலு கூடாரம் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தார். அவள் பெயர் சொல்லிக் கத்தியபின்தான் எழும்பி ஓடிவந்தார், காதில் போத்தல் மூடி ஆடிக்கொண்டிருக்க. வாசலில் பஸ் கிளப்பிய புழுதிதான் மிச்சம்.

சிவலட்சுமி அந்த மூடியைப் பிடித்து இழுத்து எறிந்தாள். காதிலிருந்து ரத்தம் வந்தது. 

அடுத்த தடவை அவர்களுடைய பெயரைக் கூப்பிடும்போது மாரி மழை முடிந்திருந்தது. முதல் பஸ்ஸில் போனவர்களின் வயல் பச்சையாக நின்றது, தம்புவின் வயலில் கோரையும் முட்செடியும் நின்றன. அந்த வருடம் அவர்கள் விதைக்கவில்லை. அடுத்தவர் வயலில் கூலிக்கு அரிவு வெட்டினார்கள். வெயிலில் குனிந்து, தன் வயலைப் பார்த்துக்கொண்டு, அயலவர் வயலில் வெட்டியது அவளுக்குப் பசியைவிடப் பெரிய நோவு.

முகாமை விட்டுப் புறப்படுவதற்கு முதல்நாளே அவள் அவரைக் கூட்டிக்கொண்டு, அங்கே பாலை மரத்தடியில் யாரோ நட்டு வைத்திருந்த பிள்ளையாரிடம் போயிருந்தாள். சூடத்தைக் கொளுத்தி, கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். “இனிச் சீட்டைத் தொடமாட்டன்,” என்று தம்பு அணைத்தார். சீட்டுக்கட்டை அடுப்பில் போட்டு எரித்துவிட்டதாக அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தண்ணீர் முறை, உரம், மாட்டுக்கு வைக்கோல், மகள் சிவதர்சினியின் படிப்பு, கலியாணம் எல்லாம் கதைத்தார்கள். மகள் கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போனபின் கதைக்க அதிகம் இருக்கவில்லை. சத்தியத்தோடு சேர்ந்து வேறொன்றும் அணைந்துபோனது என்று சிவலட்சுமிக்குத் தெரியும். ஆனால் சொல்ல வாய் வராது. கோபம் பழகிப்போனால் அதுவும் ஒரு ஆள் மாதிரி வீட்டில் இருந்துவிடுகிறது.

ஆசியப் போட்டி முடிகிற நேரத்தில் அபூசாலி அடுத்த புதினத்தோடு வந்தான். சீட்டில் ஆம்பிளைகள் இரட்டையருக்கான தங்கம் இந்தியாவுக்காம். வென்ற இருவருமே ஏறக்குறைய அறுபது வயதுக்காரராம். ஊரின் மனம் அன்றே மாறத் தொடங்கியது. ஓடவும் முடியாமல் பாயவும் முடியாமல் விளையாட்டு விழாவில் பந்தல் கட்டவும் கதிரை தூக்கவும் மட்டும் பயன்பட்ட அறுபது வயதுக்காரர்கள் திடீரென்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள்.

மார்கழியில் விளையாட்டுக் கழகச் செயலாளர் கிருஷாந்தன் சிவலட்சுமியின் வீட்டுக்கு வந்தான். இருபத்தைந்து வயது, எதையும் புதிதாகச் செய்து பார்க்கிற பொடியன். தம்புவைத் தேடித்தான் வந்தான். சிவலட்சுமி குசினிக்குள் நின்றாள். குசினிக்கு ஜன்னல் உண்டு.

“தைப்பொங்கல் விளையாட்டு விழாவில முன்னூற்றிநாலும் வைக்கிறம், ஐயா. ஆசியப் போட்டியில வச்ச மாதிரி, கலப்பு இரட்டையர். ஒரு ஆம்பிளை, ஒரு பொம்பிளை. தோட்டவெளியில இருந்தும் ஆக்கள் வருகினம். நீங்கள் இல்லாமல் எங்கட ஊருக்கு என்ன மரியாதை?”

தம்பு உடனே பதில் சொன்னார். குசினிப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அவளுக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தவுமில்லை.

“நான் சத்தியம் பண்ணினனான், தம்பி. ஏலாது. வேற ஆரையும் பாருங்கோ.”

“அது அந்தக் காலத்துக் கதையெல்லோ, ஐயா. இப்ப அது விளையாட்டெண்டு உலகமே ஒத்துக்கொண்டிட்டுது.”

“உலகம் ஒத்துக்கொள்ளட்டும். நான் உலகத்துக்கோ சத்தியம் பண்ணினனான்?”

கிருஷாந்தன் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். தம்பு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். சிவலட்சுமிக்கு அன்று கறிக்கு உப்புப் போட மறந்துபோயிற்று. ஒன்பது வருடமாக அவர் சத்தியத்தை அவளுக்குப் பயந்து காக்கிறார் என்றே நினைத்திருந்தாள். அப்படி இல்லைப் போலிருக்கிறதே என்று முதல்முதலாகத் தோன்றியது. தோன்றியது அவளுக்குப் பிடிக்கவும் இல்லை. கோபப்படுகிறவளுக்குக் கோபத்தின் காரணத்தைத் தட்டிப் பறித்தால் எரிச்சல்தானே வரும்.

அடுத்தநாள் அபூசாலியிடம் அந்த எரிச்சலைக் கொட்டினாள்.

“எங்களுக்கு இது சரிவராதுக்கா. எங்கட பள்ளியில சீட்டை ஒத்துக்கொள்ள மாட்டாங்க, நான் தொடுறதுமில்ல,” என்று அவன் தராசைப் பிடித்துக்கொண்டு சொன்னான். “ஆனா ஒண்டு சொல்லட்டா? எங்களுக்கு நோன்பு ஒரு மாசம். அதுக்குப் பிறகு பெருநாள் வருது. அண்ணன் ஒம்பது வருசமாப் பிடிக்கிறார். நீங்க இன்னும் பிறை காணேல்ல எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறீங்க.”

“மீனை நிறுடா,” என்றாள் சிவலட்சுமி.

மீனைக் கழுவும்போதும் அந்தச் சொல் போகவில்லை. பின்னேரம் பிள்ளையார் கோவிலுக்குப் போய், சூடம் கொளுத்தி, யாருக்கும் கேட்காமல் பேசினாள். ஒரே ஒருநாள். நானும் முன்னால இருப்பன். கண் வைச்சுக்கொண்டே இருப்பன். ஏதும் பிழைச்சால் நீரும் பொறுப்பு. பிள்ளையார் மறுக்கவில்லை. திரும்பும் வழியில் கிருஷாந்தனின் வீட்டுப் படலையில் நின்று, “எங்கட பேரையும் போடு. சிவலட்சுமி, தம்பு. என்ர பேர் முதல்,” என்றாள். அவன் கையிலிருந்த போனைத் தவறவிட்டான்.

தம்புவுக்கு அவள் சொன்ன விதம் இதுதான்: “பொங்கலண்டைக்கு வெள்ளைச் சேட்டைத் தோய்ச்சு வையுங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் விளையாடுறம். பிள்ளையாரிட்டைக் கேட்டாச்சு. அண்டைக்கு மட்டும்தான்.” தம்பு கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

சீட்டுக்கு எதிரான கட்சியின் தலைவியே மேசைக்கு வருகிறாள் என்று தெரிந்ததும், விழாவன்று சாக்கோட்டத்தையும் கயிறிழுத்தலையும் விட்டுவிட்டு ஊர் முழுவதும் சீட்டு மேசையைச் சுற்றி நின்றது. மாதர் சங்கம் முழுக்க முன்வரிசையில். நடுவர் பெனடிக்ற் வாத்தியார். இது விளையாட்டில்லை என்று கடைசிவரை வாதாடியவர், வைப்பதென்றால் ஒழுங்காக வைக்க வேண்டும் என்று தானே வந்து விசிலோடு நின்றார். கிருஷாந்தன் ஒலிபெருக்கியில் நேர்முக வர்ணனை. சீட்டைப் பார்க்க முடியாத வர்ணனையாளன் என்னத்தைச் சொல்வான்? முகங்களை வர்ணித்தான். “தம்பு ஐயா மூக்கைச் சொறிகிறார். இது வெறும் சொறிதானா என்பது போகப் போகத் தெரியும்.” சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

முதல் சீட்டை எடுக்கும் முன் தம்பு விரல்களை வேட்டியில் துடைத்ததைச் சிவலட்சுமி கண்டாள். அவளும் சேலையில் துடைத்துக்கொண்டாள். முப்பத்திரண்டு சீட்டையும் மனப்பாடமாகத் தெரிந்தவள் அன்றுதான் முதல்முதலாக ஒரு சீட்டைக் கையில் பிடிக்கிறாள். ஆனால் இரண்டாவது கையிலேயே அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. அவர் என்ன நினைக்கிறார் என்று அவர் போடுகிற சீட்டில் எழுதியிருந்தது. இரண்டு சோடிகளை வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள்.

இறுதி ஆட்டத்தில் எதிரே தோட்டவெளிப் பேதுருவும் அவருடைய மனைவியும். பேதுரு பொல்லாத ஆட்டக்காரர், சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பார். முதல் ஆட்டம் அவர்களுக்குப் போனது. ஊர் விடவில்லை. பூவரசம் இலைக் கடுக்கன் வந்தது. தம்புவின் வலது காதிலும், சிவலட்சுமியின் தோட்டுக்குப் பக்கத்திலும் தொங்கியது. இரண்டாவது ஆட்டத்தை இவர்கள் வென்றார்கள். கழற்றச் சொன்னபோது, “முடியட்டும்,” என்றாள் சிவலட்சுமி. மூன்றாவது ஆட்டமும் சரிக்குச் சரியாக இழுபட்டு, கடைசிக் கையில் வந்து நின்றது. அதை எடுப்பவருக்கே கோப்பை.

முன்னூற்றிநாலில் கேள்வி கேட்டு, அதாவது இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் கூறி ஆட்டத்தை எடுப்பவர், தன் சீட்டொன்றை மேசையில் கவிழ்த்து வைப்பார். அந்தச் சாதிதான் துரும்பு. அது என்னவென்று அவருடைய கூட்டாளிக்கும் தெரியாது. தம்பு ஒருவரும் நினையாத அளவுக்குப் பெரிய கேள்வி கேட்டார்.  அவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மிச்ச ஏழு சீட்டையும் விசிறியாகப் பிடித்தார். அவருடைய முகத்தில் சிவலட்சுமி ஒன்றைக் கண்டாள். அறுவடை முடிந்த முற்றத்தில், சாக்கின் மேல், அவர் அப்படித்தான் இருப்பார். ஒன்பது வருடமாக அந்த முகத்தை அவள் காணவில்லை. அது இல்லாமல் தான் எவ்வளவு வறண்டுபோய் இருந்தோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த நேரம் யாரோ ஓடிவந்து கிருஷாந்தனின் காதில் ஏதோ சொன்னார்கள். வர்ணனை நின்றது. ஒலிபெருக்கி கரகரத்தது.

“ஒரு அறிவித்தல். கட்டாக்காலி மாடுகள் வேலியை முறிச்சுக்கொண்டு வயலுக்குள்ள இறங்கியிருக்குதாம். தம்பு ஐயாவின்ர…”

வசனம் முடியவில்லை. தம்பு சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிவிட்டார். கதிரை பின்னால் விழுந்தது. “பொறுங்கோ ஐயா, பொடியளை அனுப்புறம்,” என்று கிருஷாந்தன் கத்தினான். “இந்தக் கையை முடிச்சிட்டுப் போங்கோ,” என்று சனம் கத்தியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளைச் சேட்டும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக, காதில் இலை ஆட, மைதானத்தைக் குறுக்கறுத்து வயற்பக்கம் ஓடினார். அன்றைக்கு நடந்த ஓட்டங்களில் அதுதான் வேகமானது என்று பெனடிக்ற் வாத்தியார் பிறகு சொன்னார்.

ஆனால் சட்டம் சட்டம். “மேசையை விட்டு எழும்பினால் ஆட்டம் போச்சு,” என்றார் அதே வாத்தியார், கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

“அவர் வரட்டும் சேர். நாங்கள் இருக்கிறம்,” என்றார் பேதுரு.

சிவலட்சுமி மேசைக்கு மேலால் கையை நீட்டி, கணவரின் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். கவிழ்த்து வைத்த துரும்பு ஆட்டின் ஒன்பது, சிவப்பு இதயம் போட்ட சாதி. கையில் ஆட்டின் ஜாக், ஆஸ், பத்து, ராசா. கிளாவரிலும் ஜாக், ஒன்பது, ஆஸ். இந்த விளையாட்டில் ராசாவுக்குப் பெரிய மதிப்பில்லை, ஜாக்கும் ஒன்பதும்தான் பெரிய ஆட்கள். அந்தப் பெரிய ஆட்கள் அனைவரும் அவருடைய கையில் வந்து குந்தியிருந்தார்கள். எட்டுப் பிடியும் அவருக்கே. யார் எதைப் போட்டாலும் தோற்க வழியே இல்லாத கை. வாழ்நாள் முழுக்க விளையாடியும் இப்படியொரு கை காணாமலே போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. பேதுரு எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

சிவலட்சுமிக்கு அழுகை வந்தது. சனத்துக்கு முன்னால் அழுகிறவள் அல்ல அவள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்து, தடிமன் பிடித்த மாதிரிக் காட்டிக்கொண்டாள்.

“நாங்கள் தோத்திட்டம்,” என்றாள் வாத்தியாரிடம். “கோப்பையைத் தோட்டவெளிக்குக் குடுங்கோ.” பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வயலுக்கு நடந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மாடுகள் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் போய்விட்டன. பின்னால் ஓடிவந்த பொடியன்கள் அவற்றைத் துரத்திக்கொண்டு போனார்கள். கதிர் முற்றி மஞ்சள் ஏறிய வயலில் வேலியோரமாக ஒரு மூலை மட்டும் உழக்கப்பட்டுக் கிடந்தது. அவ்வளவுதான் சேதம். தம்பு முறிந்த இடத்துக்கு முள்ளுக் கொப்பு இழுத்து அடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேட்டில் இடுப்பளவுக்குச் சேறு. காதில் கடுக்கன் இன்னமும் தொங்கியது.

அவளைக் கண்டதும் குற்றம் செய்தவர் போல நிமிர்ந்தார்.

“பேர் கூப்பிட்டவங்கள்,” என்றார். “கேட்டுது.”

சிவலட்சுமி வரம்பில் அப்படியே நின்றாள். பிறகு கிட்டப் போய், அவருடைய காதிலிருந்த நூலை மெல்ல அவிழ்த்தாள். அந்தக் காதின் நுனியில் ஒரு பழைய வடு இருந்தது. அதை விரலால் தொட்டாள். அவர் அசையவில்லை.

“நோகுதோ?”

“அது எப்பவோ மாறீட்டுது.”

முள்ளுக் கொப்பின் மற்ற முனையை அவள் பிடித்தாள். இருவருமாக வேலியை அடைத்து முடித்தார்கள். வரம்பில் திரும்பி நடக்கும்போது அவள் முன்னால், அவர் பின்னால். தூரத்தில் ஒலிபெருக்கி தோட்டவெளிச் சோடிக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

“உங்கட கையைத் திருப்பிப் பாத்தனான்,” என்றாள் சிவலட்சுமி.

பின்னால் தம்புவின் காலடிச் சத்தம் கிட்ட வந்தது.

“முதல் எதை இறக்கியிருப்பீங்கள்?”

“ஆட்டின் ஜாக்கைத்தான்.”

“விசரே உங்களுக்கு? முதல் கிளாவரைப் போட்டுப் பேதுருவை மயக்கியிருக்க வேணும்.”

“எட்டும் எனக்குத்தானே. பிறகென்னத்துக்கு மயக்கிறது?”

“ஒரு வடிவுக்கு,” என்றாள் அவள். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். கிளாவரா ஆட்டினா என்று வாய்க்கால் கடக்கும்வரை வாதாடினார்கள். வாய்க்கால் கடந்தபிறகும் அது முடியவில்லை.

வீட்டுப் படலையைத் திறக்கும்போது தம்பு தயங்கி நின்றார். “அண்டைக்கு மட்டும்தான் எண்டு பிள்ளையாரிட்டைச் சொன்னனீ.”

“பிள்ளையாரோட நான் கதைக்கிறன். நீங்கள் போய்க் கால் கழுவுங்கோ,” என்றாள் சிவலட்சுமி. நாலு அடி நடந்து, திரும்பாமலே சொன்னாள்: “அந்தப் பழைய கட்டு பெரிய பெட்டிக்குள்ள, என்ர கூறைச்சீலைக்குக் கீழ கிடக்கு. அட்டை ஒன்பதும் இருக்கு.”

“எரிச்சுப் போட்டன் எண்டாய்?”

“சொன்னனான்தான்,” என்று சொல்லிவிட்டு அவள் முற்றத்தில் விரிக்கச் சாக்கு எடுக்கப் போனாள்.